‘தீபன்’ யாருடைய கதை?

2015 மே மாதம் கான் திரைப்பட விழாவில் ஜாக் ஓடியாரின் ‘தீபன்’ தங்கப் பனை விருதைப் பெற்றபோது நாம் மகிழ்ந்தோம். படத்தில் பெரும்பகுதி தமிழ்தான். தீபனாக நடித்தவர் பிரான்சில் அகதியாகக் குடியேறிய எழுத்தாளர் ஷோபாசக்தி. ஆனால் படம் பார்த்து வந்த பிறகு நமது வீடுகளில் ஒரே கருத்து இருக்கவில்லை. “எங்கடை கதையை உலகம் பார்க்குது” என்றார்கள் சிலர். “முன்னாள் போராளி எங்கே போனாலும் கடைசியில் வெட்டுவான் என்றுதானே காட்டியிருக்கினம்” என்று கோபித்தார்கள் வேறு சிலர்.

இது முழுக்க எங்கள் கதையும் அல்ல. 1971இல் சாம் பெக்கின்பா எடுத்த ‘ஸ்ட்ரோ டோக்ஸ்’ படமே தனக்குத் தொடக்கம் என்று ஓடியார் ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார். இங்கிலாந்தின் ஒரு கிராமத்துக்குக் குடிவரும் சாதுவான கணித அறிஞர், வீட்டைக் காக்கக் கொலையில் இறங்கும் கதை அது. அந்நியரின் கண்ணால் பிரான்சைப் பார்க்கும் எண்ணத்தை மொன்டெஸ்கியூவின் 1721ஆம் ஆண்டு நூலான ‘பாரசீகக் கடிதங்களில்’ இருந்து எடுத்தார். ஆக, நம்மவரைக் கோபப்படுத்திய அந்த இறுதிக் கொலைக் காட்சிதான் படத்தில் அதிகம் இரவல் வாங்கப்பட்ட பகுதி. நமக்கும் அதுவே படத்தின் பலவீனமாகப் படுகிறது.

இரவல் இல்லாதவை வேறு. இறந்துபோனவர்களின் கடவுச்சீட்டில் மூன்று அந்நியர்கள் ஒரு குடும்பமாவது. பாரிஸ் தெருவில் இரவில் மினுங்கும் விளையாட்டுப் பொருட்கள் விற்பது. அகதி விசாரணையில், அதிகாரிக்கு விளங்காத தமிழில் மொழிபெயர்ப்பாளரும் விண்ணப்பதாரியும் தங்களுக்குள் பேசிக்கொள்வது. அந்தக் கதிரையில் இருந்தவர்களுக்கு அது நடிப்பாகவே தெரியாது. படத்தில் பாதியளவு தன் வாழ்க்கை என்று ஷோபாசக்தியும் சொல்லியிருக்கிறார்.

எல்லாவற்றிலும் நம்மை உலுக்கியது ஒரு வெள்ளைக் கோடு. போதைப்பொருள் குழுக்கள் சுட்டுக்கொள்ளும் அடுக்குமாடிகளுக்கு நடுவே தீபன் தரையில் கோடு கீறி, அதைத் துப்பாக்கிச் சூடற்ற வலயம் என்று அறிவிக்கிறான். பிரெஞ்சுப் பார்வையாளருக்கு அது ஒரு விசரனின் செயல். 2009இல் வன்னியில் அரசாங்கம் அறிவித்த ‘பாதுகாப்பு வலய’த்துக்குள் சனத்தைப் போகச் சொன்னார்கள், அதற்குள்ளேயே ஷெல் விழுந்தது. அப்படியான கோட்டுக்குள் எல்லாவற்றையும் இழந்த ஒருவன், இங்கே தானே கோடு கீறுகிறான். இதை எந்தப் பழைய படத்திலிருந்தும் எடுத்திருக்க முடியாது.

இங்கிலாந்தில் வெயிலும் தோட்டமும் கைக்குழந்தையுமாக முடியும் காட்சி கனவா நிஜமா என்ற தர்க்கம் இன்னும் ஓயவில்லை. லண்டனில் இருப்பவர்கள் அந்த வெயிலைப் பார்த்தே சிரிக்கிறார்கள்!

வளர்ந்த பிள்ளைகளோடு பார்ப்பவர்கள் அந்த வெள்ளைக் கோட்டில் படத்தைக் கொஞ்சம் நிறுத்துங்கள். அது என்னவென்று திரையின் அடியில் ஓடும் மொழிபெயர்ப்பு அவர்களுக்குச் சொல்லாது.