நெறி கட்டினால் புற்றா?

புற்றுநோய்ச் சிகிச்சை முடிந்து ஒரு வருஷம் ஆனபிறகு கழுத்தில் நெறி கட்டுகிறது. ஸ்கேன் ரிப்போர்ட் உறையைப் பிரிக்கும் முன்பே வீட்டார் கேட்பது ஒன்றுதான்: “பின்னயும் வந்துட்டா டாக்டரே?”

குமரி மாவட்டத்து நெய்யூருக்கு இந்தப் பயம் பழையது. லண்டன் மிஷன் 1838-இல் மருத்துவப் பணி தொடங்கிய ஊர் இது. இங்கிருந்த டாக்டர் பென்டல், திருவிதாங்கூரின் 1,700 புற்றுநோயாளிகளைப் பற்றி 1908-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார். பின்னால் வந்தவர் எவரெஸ்ட் ஏற முயன்ற டாக்டர் சாமர்வெல். வெற்றிலையோடு புகையிலையைக் கன்னத்தில் அடக்கி வைத்தவர்களின் வாய்ப்புற்று அன்றே இங்கு அதிகம்.

அன்று கண்ணும் விரலும்தான் துணை. இன்று பெட் ஸ்கேன் இருக்கிறது. ஆறு மணி நேரம் வெறும் வயிறு. பிறகு கதிரியக்கம் ஏற்றிய சர்க்கரை ஊசியில் இறங்கும். ஒரு மணி நேரம் பேசாமல் படுத்திருக்க வேண்டும். பேசினால் தொண்டைத் தசையும் அந்தச் சர்க்கரையை இழுத்துப் படத்தில் மின்னும். புற்றணு சர்க்கரையை அள்ளி விழுங்கும். அந்த இடம் ஒளிரும். ஆனால் கிருமியோடு மல்லுக்கட்டும் வெள்ளணுக்களுக்கும் அதே பசிதான். யாருடைய பசி என்று இயந்திரத்துக்குத் தெரியாது.

நம் நாட்டில் அந்தக் கிருமி பலநேரம் காசநோய்க் கிருமி. உலகக் காசநோயாளிகளில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் இந்தியர். கழுத்தில் வரிசையாகக் கட்டும் நெறியைப் பழைய வைத்தியர்கள் கண்டமாலை என்றார்கள். கீமோவில் எதிர்ப்புச் சக்தி தளரும்போது வருஷக்கணக்காக உறங்கிய கிருமி விழித்துக்கொள்ளும். சாயங்காலக் காய்ச்சல், மெலிவு, பசியின்மை எல்லாம் இரண்டு நோய்க்கும் பொது. நுரையீரல் பூஞ்சையும், கதிர் பட்ட தாடையெலும்பில் பிடிக்கும் சீழும்கூட இந்த வேஷம் கட்டும். கதிர்ச்சிகிச்சையின் ரணமே சில வாரம் ஒளிரும். அதனால்தான் கழுத்துப் பகுதிப் புற்றுக்குச் சிகிச்சை முடிந்து சுமார் 12 வாரம் பொறுத்து இந்த ஸ்கேனை எடுக்கிறார்கள்.

காசநோயைப் புற்றென்று எண்ணி மறுபடி கீமோ ஏற்றினால் கிருமிக்குத்தான் கொண்டாட்டம். அந்த நெறியிலிருந்து ஊசியால் துளி சதை எடுத்துப் பார்க்க வேண்டும். எடுத்ததை எல்லாம் பார்மலினில் போட்டுவிட்டால் கிருமியை வளர்த்துப் பார்க்க முடியாது. கொஞ்சத்தை உப்புநீரில் தனியே அனுப்ப வேண்டும். எத்தனையோ இடங்களில் தவறுவது இந்தச் சின்ன விஷயம்தான். இரண்டு நோயும் சேர்ந்தே இருப்பவர்களும் உண்டு. அதனால் காசநோய் மருந்துக்கு நெறி கரைகிறதா என்று விடாமல் பார்க்க வேண்டும்.

ரிப்போர்ட்டைப் பார்த்து மனம் உடைவதற்கு முன், “சதை எடுத்துப் பாத்தாச்சா டாக்டரே?” என்று கேளுங்கள். காசநோய் என்று முடிவானால், அதற்கான மாத்திரை அரசு ஆஸ்பத்திரியில் இலவசம். பெரும்பாலானவர்களுக்கு ஆறு மாதம் போதும்.