அந்தப் பேனா ஏன் கீழே விழுந்தது? - கார்ட்டூனுக்கு உயிர் கொடுக்கும் குட்டி அசைவுகள்!

2007-ல் பிக்ஸார் எடுத்த 'ராட்டட்டூய்' படத்தைப் பார்த்திருக்கிறீர்களா? சமைக்கத் தெரிந்த எலியின் கதை. அதில் ஆன்டன் ஈகோ என்று ஓர் உணவு விமர்சகர் வருவார். அவர் பேரைக் கேட்டாலே ஹோட்டல்காரர்கள் நடுங்குவார்கள். சாப்பிட உட்காரும்போதும் கையில் பேனா இருக்கும்.

எலி சமைத்த காய்கறிக் கூட்டை ஒரு வாய் வைப்பார். கண்கள் விரியும். சின்ன வயதில் அம்மா சமைத்துக் கொடுத்த ருசி ஞாபகத்துக்கு வரும். அந்த ஞாபகத்திலிருந்து திரும்பும்போது அவர் விரல்களிலிருந்து பேனா நழுவித் தரையில் விழும். வசனமே கிடையாது. அத்தனை நாளும் ஆயுதம் மாதிரிப் பிடித்திருந்த பேனாவை விட்டுவிட்டோம் என்பது அவருக்கே தெரியாது. ஆனால், நமக்குத் தெரிந்துவிடும்... மனிதர் கவிழ்ந்துவிட்டார்!

இங்கே முக்கியமான அசைவு, அவர் ருசிப்பதும் முகம் மாறுவதும். பேனா விழுவது அதற்குத் துணை. அனிமேஷன்காரர்கள் இதை 'செகண்டரி ஆக்‌ஷன்' என்கிறார்கள். டிஸ்னியில் பல காலம் வேலை பார்த்த ஃபிராங்க் தாமஸ், ஆலி ஜான்ஸ்டன் இருவரும் 1981-ல் எழுதிய 'தி இல்யூஷன் ஆஃப் லைஃப்' புத்தகத்தில் 12 அடிப்படை விதிகளைச் சொன்னார்கள். அதில் இதுவும் ஒன்று.

நிஜ வாழ்க்கையில் இதை நாம் தினமும் செய்கிறோம். "அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா, நல்லாத்தான் இருக்கேன்" என்று போனில் சொல்லும் மகள், துப்பட்டா நுனியைச் சுருட்டிச் சுருட்டிப் பிரிப்பாள். வாய் ஒன்று சொல்லும், கை வேறொன்று சொல்லும். நல்ல நடிகர்களுக்கு இது தானாகவே வந்துவிடும். கார்ட்டூனில் எதுவுமே தானாக வராது. ஒரு விநாடிக்கு 24 ஃபிரேம். ஒரே படத்தை இரண்டு ஃபிரேமுக்கு வைத்துச் சமாளித்தாலும் 12 படங்கள் வரைந்தாக வேண்டும். துப்பட்டா நுனி சுருள வேண்டுமென்றால், யாரோ ஒருவர் உட்கார்ந்து யோசித்து அதைச் சுருட்ட வேண்டும்!

எனக்கு ரொம்பப் பிடித்த உதாரணம், ஹயாவோ மியாசாகியின் 'ஸ்பிரிட்டட் அவே' (2001). சிஹிரோ என்ற 10 வயதுப் பெண், ஆவிகள் வந்து குளிக்கும் மாளிகையில் மாட்டிக்கொள்வாள். ஒரு காட்சியில் அவள் அவசரமாக வெளியே போக வேண்டும். கரித்தூள் உருண்டைகள் மாதிரியான குட்டிப் பூதங்கள் அவளுடைய ஷூவைக் கொண்டுவந்து கொடுக்கும். ஷூவை மாட்டியதும் ஓடிவிட மாட்டாள். ஸ்கூலுக்குக் கிளம்பும் எல்லாக் குழந்தைகளையும்போல முன்காலைத் தரையில் 'டொக் டொக்' என்று தட்டி, ஷூ சரியாக உட்கார்ந்ததா என்று பார்த்துவிட்டுத்தான் கிளம்புவாள். கதைக்கு இது தேவையே இல்லை. ஆனால், பூதங்கள் நிறைந்த அந்த உலகத்தில் அவள் நம் பக்கத்து வீட்டுப் பெண்ணாகிவிடுவது அந்த இரண்டு தட்டில்தான்.

அசைகிற எல்லாமே செகண்டரி ஆக்‌ஷன் ஆகிவிடாது. 'பிரேவ்' (2012) படத்து மெரிடாவின் சுருள்முடி துள்ளுவதற்காகவே பிக்ஸார் புது மென்பொருள் உருவாக்கியது. அழகுதான். ஆனால், அவள் ஓடினால் முடி ஆடும், நின்றால் நிற்கும். அவள் மனதில் என்ன ஓடுகிறது என்பது முடிக்குத் தெரியாது. இந்த மாதிரி அசைவுகளை இன்று கம்ப்யூட்டரே கணக்குப் போட்டுக் கொடுத்துவிடும். பேனாவை எந்த நொடியில் விட வேண்டும் என்பதை ஓர் ஆள்தான் முடிவு செய்ய வேண்டும்.

காசு குறைந்தால் முதலில் அடிவாங்குவதும் இந்தக் குட்டி அசைவுகள்தான். 'டாம் அண்ட் ஜெர்ரி'யில் எலிப்பொந்து வாசலில் காத்திருக்கும் டாமின் விரல்கள்கூட நடிக்கும். அதை உருவாக்கிய ஹன்னா - பார்பெரா ஜோடியே பிறகு டி.வி-க்கு வந்தபோது பட்ஜெட் சுருங்கிவிட்டது. அவர்களுடைய யோகி கரடி சட்டையே போடாமல் காலரும் டையும் மட்டும் கட்டியிருப்பதைக் கவனித்திருக்கிறீர்களா? ஃபேஷன் இல்லை, சிக்கனம்! கழுத்தில் ஒரு கோடு கிடைத்துவிட்டால், உடம்பை அப்படியே நிறுத்திவிட்டுத் தலையை மட்டும் திரும்ப வரைந்தால் போதும். குரலும் ஜோக்கும் அந்தத் தொடர்களைக் காப்பாற்றின. டாமின் விரல்கள் மட்டும் காணாமல்போயின.

அதற்காக அள்ளித் தெளித்தாலும் ஆபத்து. கடிதம் படித்து அழும் பாட்டி, மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைக்கிறார் என்று வையுங்கள். முகம் மாறுகிற அதே நொடியில் கை குறுக்கே வந்தால், பார்க்க வேண்டிய முகமே மறைந்துபோகும். முதலில் முகம் மாற வேண்டும், அது நம் மனதில் பதிய வேண்டும், பிறகுதான் கை மேலே வர வேண்டும். கண்ணாடியைத் துடைப்பது அழுகையைவிடப் பெரிதாகத் தெரிந்தால், அந்த அசைவைச் சின்னதாக்க வேண்டும். இல்லையென்றால் தூக்கிவிடலாம். யோசிக்கிற பாத்திரம் என்றாலே தலையைச் சொறியவைப்பதும் வேண்டாமே. அது யாருக்கு வேண்டுமானாலும் பொருந்தும் என்பதுதான் அதன் குறை.

வீட்டில் வரைகிற குழந்தைகள் இருந்தால், லீவு நாளில் ஒரு சின்ன விளையாட்டு. நோட்டின் மூலையில் பக்கத்துக்கு ஒரு படமாக, ஒருவர் தண்ணீர் குடிப்பதை வரையச் சொல்லுங்கள். இரண்டு தடவை. முதலில் அவர் பரீட்சை ரிசல்ட்டுக்காகக் காத்திருப்பவர், அடுத்து இப்போதுதான் பொய் சொல்லிவிட்டு வந்தவர். டம்ளர் பிடித்த கையில் மாற்றம் கூடாது. இன்னொரு கை என்ன செய்கிறது என்பதை மட்டும் அவர்களே முடிவு செய்யட்டும்.