பழைய கூட்டுக்குழல் துப்பாக்கி வாங்கலாமா?

ஒரு குழலில் சிதறு ரவையும் மறு குழலில் ஒற்றைக் குண்டும் சுடும் பழைய துப்பாக்கி பயிர்க் காவலுக்கென்று சகாய விலைக்கு வரக்கூடும். விலை பேசுமுன் சட்டத்தை யோசிப்பது உத்தமம்.

1959-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டம் பயிர்க் காவலுக்கென அனுமதிப்பது வாய்வழியே மருந்து கெட்டிக்கும் துப்பாக்கியை. அது போதாதவிடத்து, உட்புறம் வழவழப்பான குழலுள்ள வேறு துப்பாக்கியை. கூட்டுக்குழலில் ஒன்று உட்புறம் திருகுவரி வெட்டிய ரைபிள். ஆதலின் இச்சலுகை அதற்குப் பொருந்தாது. லைசென்ஸ் உள்ளவரிடம் வாங்குவதாயினும், விற்பவர் 45 நாட்களுக்கு முன்பே மாஜிஸ்டிரேட்டுக்கேனும் அருகிலுள்ள போலீஸ் நிலையத்துக்கேனும் எழுத்து மூலம் அறிவித்திருத்தல் வேண்டும். லைசென்ஸ் கிடைத்த பின்னும், அனுமதியின்றிக் காட்டுப்பன்றியைச் சுடுதல் 1972-ஆம் வருஷத்து வனவிலங்குச் சட்டப்படி குற்றம்.

ஆயுதத்தின் நிலையும் முக்கியம். குழலில் வீக்கம், துருக்குழி, பூட்டில் தளர்ச்சி இருப்பின் விலக்குக. பழைய ஐரோப்பியத் துப்பாக்கிகள் பல 65 மில்லிமீட்டர்த் தோட்டாவுக்கு அமைந்தவை. அவற்றில் இக்காலத்து 70 மில்லிமீட்டர்த் தோட்டாவை இடுதல் அபாயம்.

ரைபிள் குண்டு மைல் கணக்கில் செல்லும். சிறுசேரியிலோ இன்று சிப்காட் தொழில்நுட்பப் பூங்கா எழுந்து ஜன நடமாட்டம் மிகுந்துள்ளது. குறி தப்பிய குண்டுக்குச் சுட்டவரே பொறுப்பாளி. அத்தொகையை அங்கத்தினர் ஒன்றுசேர்ந்து பொது வேலிக்குச் செலவிடின் பயிரும் பிழைக்கும், உயிருக்கும் பயமில்லை.