தொழில் போயிற்று, கருவி நின்றது

கண்டியிலிருந்து மஹியங்கனைக்குச் செல்லும் பெருவீதி, தெல்தெனியவைக் கடந்து மலையேறி, நக்கிள்ஸ் தொடரின் தென் விளிம்பிலுள்ள ஹுன்னஸ்கிரியவை அடைகிறது. இவ்வட்டாரத்துத் தோட்டங்களின் பழைய களஞ்சியங்களிலும், லயங்களின் பரண்களிலும், பழைய இரும்பு வாங்குவோரின் குவியல்களிலும், இன்ன காரியத்துக்கு உரியது என்று எவராலும் சொல்ல இயலாத கைக்கருவிகள் சில அகப்படுவதுண்டு. இரண்டு பக்கமும் பிடி வைத்த சிறு அலகு ஒன்று. வரிசை வரிசையாகப் புடைப்புகள் எழுப்பிய செப்புத் தகடு ஒன்று. உட்புறம் வளைந்து கூர்மைகொண்ட கத்தி ஒன்று. காண்பவர் "வெள்ளைக்காரன் காலத்துச் சாமான்" என்று ஒரு வாக்கியத்தில் காரியத்தை முடித்துவிடுவர்.

இத்தகைய பொருள்கள் இம்மலைநாட்டில் மிகுந்து கிடப்பதற்கு ஒரு விசேஷ காரணம் உண்டு. நெல் விளையும் நாடுகளில் பாட்டன் பிடித்த அரிவாளைப் பேரனும் பிடிக்கிறான். ஆகையால் கருவியின் பெயரும் பிரயோகமும் அறுபடாமல் வருகின்றன. கண்டிச் சீமையிலோ, ஒரு மனிதனின் ஆயுட்காலத்துக்குள்ளேயே மூன்று பயிர்கள் மாறின. 1869-இல் இலங்கையில் தோன்றிய இலைத் துரு நோய், செழித்திருந்த கோப்பித் தோட்டங்களை இருபது ஆண்டுகளுக்குள் அழித்தது. அவ்விடத்தைப் பிடித்த சிங்கோனா, 1886-இல் ஒன்றரைக் கோடி இறாத்தல் பட்டையை ஏற்றுமதி செய்யுமளவுக்குப் பெருகி, அப்பெருக்கத்தாலேயே விலை வீழ்ந்து ஒழிந்தது. 1867-இல் லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெயிலர் பத்தொன்பது ஏக்கரில் பயிரிட்டுத் தொடங்கிய தேயிலையே இறுதியில் மலைகளை ஆண்டது. பயிர் போயிற்று, அதன் தொழில் போயிற்று, தொழிலின் சொற்களும் போயின. இரும்பு மட்டும் போகவில்லை.

அப்படியானால் பெயர் அறியாத கருவியை எவ்வாறு இனங்காண்பது? சைவ சித்தாந்திகள் உண்மையை அறியும் வழிகளாக வகுத்த காண்டல், கருதல், உரை என்னும் மூன்று அளவைகளும் இவ்விஷயத்துக்கும் செவ்வனே பொருந்தும்.

காண்டலில் முதல் விதி, கருவியைத் தேய்த்துப் பளபளப்பாக்காதிருத்தல். துருவோடும் அழுக்கோடும் சேர்ந்து சாட்சியமும் போய்விடும். இரண்டாவது விதி, வடிவத்தை நம்பாமல் தேய்மானத்தை நம்புதல். ஏனெனில் வடிவம் கொல்லன் கொடுத்தது, தேய்மானம் வேலை கொடுத்தது. தேயிலைச் செடியை வெட்டிய கவ்வாத்துக் கத்தி, கிளையைத் தன்பால் இழுத்து அறுப்பதாகையால், உள்வளைவின் நடுவிலேயே மிகுதியாகத் தேய்ந்து, நுனி ஏறக்குறையப் பழைய அளவிலேயே நிற்கும். களை சுரண்டும் சுரண்டியோ மண்ணோடும் கல்லோடும் உராய்வதால் ஓரம் மழுங்கி, மூலைகள் உருண்டிருக்கும். ஒரு பக்கம் மட்டும் சாணை பிடித்த அலகு சீவுதற்கும், இரு பக்கமும் பிடித்தது பெரும்பாலும் பிளத்தற்கும் உரியவை.

தேய்மானத்தை வாசிக்கும் இக்கலையை ஒரு சாஸ்திரமாக்கியவர் ரஷ்ய அறிஞர் செர்கேய் செம்யோனவ். கற்காலக் கருவிகளை நுண்பெருக்கிக் கண்ணாடியில் ஆராய்ந்து, அலகின்மேல் உள்ள நுண்கீறல்கள் எத்திசையில் ஓடுகின்றனவோ அத்திசையிலேயே பண்டைய மனிதனின் கை அசைந்தது என்று 1957-இல் வெளியிட்ட நூலில் அவர் நிறுவினார். பின்னர் லாரன்ஸ் கீலி, மார்க் நியூகமர் என்ற இருவர் இதற்கு ஒரு பரீட்சையே வைத்தனர். ஒருவர் கல்லலகுகளைச் செய்து தாமே உபயோகித்து உபயோகத்தை மறைத்துவிட, மற்றவர் கீறல்களையும் மெருகையும் மட்டும் கண்டு, அலகின் எப்பகுதி வேலை செய்தது, எவ்வாறு அசைந்தது என்பவற்றைப் பெரும்பாலும் சரியாகவே சொன்னார். அவர்கள் அதனை வெளியிட்ட ஆண்டு 1977.

காண்டல் தயங்கும் இடத்தில் கருதல் துணைக்கு வரும். முன்சொன்ன இருபிடி அலகை எடுத்துக்கொள்வோம். தச்சன் வண்டிச் சக்கரத்தின் ஆரக்காலைச் சீவும் சிறு சீவுளியும் அவ்வடிவினதே. ஆனால் சிங்கோனாத் தோட்டங்களில் அதே கருவிக்கு வேறொரு தொழில் இருந்தது. மரத்தை வெட்டாமல், நின்ற நிலையிலேயே மேற்பட்டையை மெல்லிய சுருள்களாகச் சீவி எடுத்தால், உள்ளிருக்கும் வளர்படலம் காயப்படாதவரை பட்டை மீண்டும் வளரும் என்று கண்டு, அவ்வேலைக்குச் சீவுளியைப் பிடித்தனர். ஆகவே அலகு ஆழ இறங்காதபடி தடுக்கும் ஏற்பாடு எதுவும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். துவர்ப்புள்ள பட்டைச் சாறு இரும்பிற் பட்டால் கருநீலக் கறை படியும் என்பது மெய். எனினும் பல மரங்களும் அவ்வாறே கறை இடுவதால், கறையை மட்டும் கொண்டு தீர்ப்புச் சொல்லலாகாது. செப்புத் தகட்டைத் தேங்காய் துருவுவதற்கு என்று எண்ணுவோர் உண்டு. கோப்பிப் பழத்தின் சதையை உரிக்கும் இயந்திரத்தின் உருளைமேல் போர்த்தியிருந்தது அதுவாகலாம். அத்தகைய இயந்திரங்களுக்குப் பேர்போன ஜோன் வாக்கர் 1854-இல் தொழில் தொடங்கியது கண்டி நகரிலேயே.

முத்திரைகளும் அனுமானத்துக்கு உதவும். "ஜெர்மனியில் செய்யப்பட்டது" என்று ஆங்கிலத்தில் பொறித்த அலகு 1887-க்குப் பிற்பட்டதென்று கொள்ளலாம். பிரித்தானிய வணிகக் குறிச் சட்டம் அவ்வாண்டில்தான் பிறநாட்டுச் சரக்குக்கு ஊர்க்குறியை வற்புறுத்தியது. ஆனால் பிடியைக் கொண்டு காலம் கணிப்பது ஆபத்து. மரப்பிடி உடைந்தபோதெல்லாம் தோட்டத்துத் தச்சன் உள்ளூர் மரத்தில் புதுப்பிடி போட்டிருப்பான்.

இனி உரை. கண்டிப் பிரதேசத்துக் கைவினைஞரின் பட்டறைகளுக்கே சென்று, அவர்கள் கருவிகளையும் அவற்றின் பெயர்களையும் கேட்டு எழுதியவர் நம்மவரான ஆனந்த குமாரசுவாமி. இலங்கையின் கனிப்பொருள் ஆய்வுக்குத் தலைமை தாங்கிய அந்த விஞ்ஞானி, மத்திய காலச் சிங்களக் கலை பற்றி 1908-இல் வெளியிட்ட பெருநூலில், கலைப்பொருளோடு அதை உருவாக்கிய கருவிக்கும் இடம் கொடுத்தார். கைவினை மங்கிக்கொண்டிருந்த காலத்தில் அவர் கேட்டு வைத்திராவிட்டால், அப்பெயர்களிற் பல பட்டறைகளோடு மறைந்திருக்கும்.

மூன்று அளவைகளும் ஒத்துக்கொள்ளும்வரை பொறுத்திருக்க வேண்டும் என்பதற்கும் மலைநாட்டிலேயே உதாரணம் உண்டு. ஜோன் போல் என்ற தோட்டத்துரையும், பின்னாளில் பேராதனையில் அரசாங்கப் பூச்சியியலாளராக விளங்கிய ஈ. ஈ. கிறீனும், 1885 அளவில் தோட்ட நிலங்களிற் பொறுக்கிய படிகக்கற் சில்லுகளை ஆதிமனிதனின் கருவிகள் என்றனர். படிகக்கல் இயற்கையாகவே ஒழுங்கின்றி உடையும் தன்மையது. ஆகவே சந்தேகத்துக்கு நிறைய இடமிருந்தது. சுவிட்சர்லாந்தினரான பால் ஸராஸின், ஃபிரிட்ஸ் ஸராஸின் ஆகியோர் 1907-இல் வந்து குகைகளை அகழ்ந்து, அத்தகைய சில்லுகளை மனித வாழ்வின் எச்சங்களோடு சேர்த்தே கண்டபின்தான் வாதம் ஓய்ந்தது. கல்லைச் சாட்சியாக்கியது அது கிடந்த இடம்.

ஆதலின் பரணிலிருந்து இறங்கும் ஒரு கருவியை இரும்புக்காரனிடம் நிறுத்துக் கொடுப்பதற்கு முன்னர், அது கிடந்த தோட்டத்தின் பெயர், மலை, உடன் கிடந்த பொருள்கள் ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு, அத்தோட்டத்தில் கவ்வாத்தும் களையெடுப்பும் செய்து ஓய்ந்த முதியவரின் கையில் அதைக் கொடுத்துப் பார்ப்பது நலம். அவர் பெயரைச் சொல்லாவிடினும், எப்பக்கத்தைப் பிடிக்கிறார், எத்திசையில் வீசுகிறார் என்பதே பாதி விடையாகும். காண்டலும் கருதலும் நூறாண்டு கழித்தும் கைகொடுக்கும். உரைக்கு மட்டும் தவணை உண்டு. ஆகையால் ஆராய்ச்சியை அங்கிருந்து தொடங்குவதே முறை.