அறுவர் தொடங்கினர், இருவர் நின்றனர்

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஞாயிறு மாலை, நான் முன்பு பணியாற்றிய பங்கிலிருந்து ஒரு குடும்பத் தலைவர் என்னைத் தொலைபேசியில் அழைத்தார். முதல் நற்கருணை வகுப்பு எந்நாளில் தொடங்குகிறது என்பதை அறிய, பங்கின் இணையதளத்தைத் திறந்து பார்க்கும்படி தம் மகளிடம் சொல்லியிருக்கிறார். திறந்த பக்கத்தில் ஆலயத்தின் படம் இல்லை. பணம் வைத்துச் சீட்டாட வருமாறு அழைக்கும் விளம்பரம் இருந்தது. "ஃபாதர், இது நம்ம கோயில் பக்கந்தானா?" என்று கேட்டார். சினந்து கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். அவரோ கூச்சத்தோடு கேட்டார்.

அந்த இணையதளம் என் காலத்தில் எழுந்தது. பங்கைச் சேர்ந்த கல்லூரி மாணவர் எழுவர் மூன்று திங்கள் உழைத்து அதை அமைத்தனர். பாதுகாவலரின் திருவிழாக் கொடியேற்றத்தன்று, திருப்பலி முடிந்ததும், ஆலய முற்றத்தில் வெண்திரை கட்டித் தொடங்கி வைத்தோம். மக்கள் கை தட்டினர். மாணவரின் பெற்றோர் சிலர் கண் கலங்கினர். அன்றோடு பணி முடிந்ததென நான் எண்ணிக்கொண்டேன். பிழை அங்கேதான் தொடங்கியது. அது மாணவருடைய பிழையன்று, என்னுடையது.

இணைய முகவரி நாம் கிரயம் செய்து வாங்கும் மனையைப் போன்றதன்று. குத்தகை நிலத்தைப் போன்றது. ஆண்டுக்கு ஒரு முறையோ, சில ஆண்டுகளுக்குச் சேர்த்தோ கட்டணம் செலுத்திப் புதுப்பித்தல் வேண்டும். எங்கள் முகவரியை ஒரு மாணவர் தம் பெயரிலேயே, தம் கல்லூரி மின்னஞ்சலைக் கொடுத்துப் பதிவு செய்திருந்தார். படிப்பு முடிந்து அவர் வேலைக்காகப் பெங்களூரு சென்றார். கல்லூரி மின்னஞ்சலும் மூடப்பட்டது. புதுப்பிக்கச் சொல்லி வந்த நினைவூட்டல்கள் ஆளில்லாத வீட்டு வாசலில் விழுந்த கடிதங்களாயின. தவணை தவறியவுடன் முகவரியைப் பறித்துவிடுவதில்லை. சில வாரங்கள் சலுகை உண்டு. அதன்பின் கூடுதல் கட்டணம் செலுத்தி மீட்டுக்கொள்ள மேலும் ஏறத்தாழ ஒரு திங்கள் தருகிறார்கள். அதுவும் கடந்தால் எவரும் அதை எடுத்துக்கொள்ளலாம். இவ்வாறு கைவிடப்படும் முகவரிகளுக்காகவே காத்திருக்கும் வணிகர் உண்டு. வேறு பல பக்கங்கள் அம்முகவரிக்கு வழிகாட்டிக்கொண்டிருக்கும். பழகிய மக்கள் வந்துகொண்டிருப்பர். கோயிலின் நற்பெயர் சூதாட்டக்காரனுக்கு மூலதனமாயிற்று.

இன்று நான் திருவல்லிக்கேணியில் இருக்கிறேன். கடற்கரைக்கும் சேப்பாக்கத்துப் பல்கலைக்கழகத்திற்கும் அருகிலுள்ள இப்பகுதியில் மாணவருக்குப் பஞ்சமில்லை. பைகிராப்ட்ஸ் சாலை என்று முதியோர் இன்னும் அழைக்கும் பாரதி சாலையின் பழைய புத்தகக் கடைகளில் அவர்களைக் காணலாம். 'மேன்ஷன்' எனப்படும் விடுதிகளில் ஓர் அறைக்கு மூவர் நால்வராகத் தங்கியிருப்பதையும் காணலாம். சென்ற ஆண்டுத் தவக்காலத்தில் இளைஞர் குழுவினர் ஒன்பது பேர் என்னிடம் வந்து, "ஃபாதர், நம்ம பங்குக்கு ஒரு வெப்சைட் செய்யலாமா?" என்றனர். அவர்களுடைய ஆர்வம் மகிழ்வளித்தது. எனினும் உடனே சரியென்று சொல்ல நா எழவில்லை. அவர்களை அமரச் செய்து, இதே திருவல்லிக்கேணியில் நடந்த ஒரு நிகழ்ச்சியைச் சொன்னேன்.

அது 1878ஆம் ஆண்டு. சென்னை உயர் நீதிமன்றத்தில் இந்தியரான டி. முத்துசாமி ஐயர் நீதிபதியாக நியமிக்கப்பட்டதை ஆங்கிலேயர் நடத்திய செய்தித்தாள்கள் கடுமையாகத் தாக்கின. அவற்றுக்கு மறுமொழி கூற நம்மவரிடம் தக்க ஏடு இல்லை. திருவல்லிக்கேணி இலக்கியக் கழகத்தில் கூடிப் பழகிய இளைஞர் அறுவர், நாமே ஓர் ஏடு தொடங்குவோம் எனத் துணிந்தனர். ஜி. சுப்பிரமணிய ஐயரும் எம். வீரராகவாச்சாரியாரும் ஆசிரியர்கள். டி. டி. ரங்காச்சாரியார், பி. வி. ரங்காச்சாரியார், டி. கேசவராவ் பந்த், என். சுப்பாராவ் பந்துலு ஆகிய நால்வரும் சட்ட மாணவர்கள். சுப்பிரமணிய ஐயருக்கு அப்போது வயது 23. கையில் பணமில்லை. ஒன்றே முக்கால் ரூபாய் கடன் வாங்கி, தங்கசாலைத் தெருவிலிருந்த ஸ்ரீநிதி அச்சகத்தில் 80 படிகள் அச்சிட்டனர். செப்டம்பர் 20ஆம் நாள் 'தி இந்து' வார ஏடாக வெளிவந்தது.

"இது ஸ்டார்ட்அப் கதை, ஃபாதர்!" என்றாள் ஒரு மாணவி.

நான் சொல்ல விரும்பியது அதன் பின்பகுதியை. சட்ட மாணவர் நால்வரும் விரைவில் விலகித் தத்தம் தொழிலை நாடிச் சென்றனர். சுப்பாராவ் பந்துலு இராஜமுந்திரியில் வழக்கறிஞராகிப் பொதுவாழ்விலும் பெயர் பெற்றார். அவர்களிடம் குற்றம் காண்பதற்கில்லை. மாணவப் பருவம் கடந்து போவதற்கே உரியது. ஆசிரியர் இருவரும் நின்றனர். ஒருவர் எழுதினார், மற்றவர் நிருவாகத்தைச் சுமந்தார். 1883இல் வாரம் மும்முறை வந்த ஏடு 1889இல் நாளேடாயிற்று. சுப்பிரமணிய ஐயர் 1898இல் விலகினார். வீரராகவாச்சாரியாரோ, 1905இல் கஸ்தூரிரங்க ஐயங்கார் ஏட்டை வாங்கும் வரை அதைக் காத்தார். 80 படிகளாகப் பிறந்த அதே ஏடு, 117 ஆண்டுகள் கழித்து, 1995இல், இணையத்தில் பதிப்பு வெளியிட்ட முதல் இந்திய நாளிதழாயிற்று.

'சுதேசமித்திரன்' கண்ட சுப்பிரமணிய ஐயரை வரலாறு போற்றுகிறது; அது தகும். கணக்குப் பார்த்த வீரராகவாச்சாரியாரை அறிந்தோர் சிலரே. எனக்கு அவர்மீது தனி மதிப்பு உண்டு. நம் ஆலயங்களிலும் கோபுரம் கட்டியவர் பெயர் கல்வெட்டில் இருக்கும். ஆண்டுதோறும் மின்கட்டணம் செலுத்தியவர் பெயர் எங்கே இருக்கிறது?

"உங்களுள் நிற்கப்போகும் இருவர் யார்?" என்று கேட்டேன். ஒன்பது பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டனர். அன்று விடை கிடைக்கவில்லை. அடுத்த ஞாயிறு வணிகவியல் முதலாண்டு பயிலும் மாணவர் ஒருவர் வந்து, தாம் இருப்பதாகச் சொன்னார். அவருடன் வந்த மற்றவர் மாணவரே அல்லர். பல ஆண்டுகளாக நம் பங்கில் மறைக்கல்வி கற்பிக்கும் ஆசிரியை. "எனக்கு இதெல்லாம் ஒண்ணும் தெரியாது சாமி. சொல்லிக் கொடுத்தா கத்துக்கறேன்" என்றார். அதன் பிறகே நான் ஒப்புதல் அளித்தேன்.

வேலை தொடங்கியதும் முதல் வாரத்திலேயே பூசல். திறந்தவுடன் படங்கள் நகர வேண்டும், ஆர்கன் இசை ஒலிக்க வேண்டும் என்று ஒரு சாரார். எளிய பக்கம் போதும் என்று மற்றொரு சாரார். மக்களிடமே கேட்டு வாருங்கள் என்றேன். மூன்று ஞாயிறுகள் ஆலய வாசலில் நின்று கேட்டனர். திருப்பலி எத்தனை மணிக்கு, எம்மொழியில் என்று பெரும்பாலோர் கேட்டனர். திருமணத்திற்கு என்னென்ன சான்றுகள் வேண்டும், கல்லறைத் திருநாள் மந்திரிப்பு எப்போது, வின்சென்ட் தே பவுல் சபையாரை யார் மூலம் அணுகுவது, பங்கு அலுவலகம் எந்நேரம் திறந்திருக்கும் என்றும் கேட்டனர். பங்குத்தந்தையின் சிறப்புச் செய்தி வேண்டுமென்று ஒருவரும் கேட்கவில்லையாம். மாணவர்கள் இதைச் சிரித்துக்கொண்டே சொன்னார்கள். நானும் சிரித்தேன், சற்றுத் தாமதமாக. முதல் பக்கத்தில் திருப்பலி நேரம் பெரிய எழுத்தில் அமைந்தது; இசை கைவிடப்பட்டது. நம் மக்களுள் பெரும்பாலோர் சிறிய கைப்பேசியில்தான் பார்க்கின்றனர் என்பதால் படங்களின் அளவும் குறைக்கப்பட்டது.

பங்கின் வரலாற்றைத் தட்டச்சு செய்து வைத்திருந்த ஒரு பழைய கோப்பு கிடைத்தது. திறந்தால் ஒரு சொல்லும் புரியவில்லை. குறிகளும் கோடுகளுமாக இருந்தது. ஒருங்குறி பரவுமுன் ஒவ்வொரு தமிழ் எழுத்துருவும் தனக்கென ஒரு குறியீட்டு முறையை வைத்திருந்தது. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் தமிழ் தமிழாகத் தெரியாது. 1999இல் சென்னையில் கூடிய 'தமிழ்நெட் 99' மாநாடு இந்தக் குழப்பத்திற்கு முடிவு காண முயன்றது. 2010இல் தமிழக அரசு ஒருங்குறியை ஏற்றது. எங்கள் கோப்பு அதற்கெல்லாம் முந்தியது. நல்லவேளையாக அச்சிட்ட தாள்கள் அலமாரியில் இருந்தன. மாணவியர் இருவர் அவற்றைப் பார்த்துப் புதிதாகத் தட்டச்சு செய்ய, அச்சகத்தில் எழுத்துக் கோத்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் மெய்ப்புப் பார்த்தார். ஒற்று மிகும் இடம் மிகா இடம் பற்றி மாணவியர் அவரிடம் கற்றது, கல்லூரியில் கற்றதினும் மிகுதி என்று கேள்வி.

பெற்றோர் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று. முதல் நற்கருணை பெற்ற சிறுவர் சிறுமியரின் படங்களைப் பெயருடன் வெளியிட மாணவர்கள் விரும்பினர். நான் தடுத்தேன். இணையத்தில் ஏறிய படத்தைத் திரும்பப் பெறுவது எளிதன்று. எவர் எடுத்து எங்கே பயன்படுத்துவார் என்பதும் நம் கையில் இல்லை. பதினெட்டு வயது நிரம்பாதோரின் விவரங்களைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என 2023ஆம் ஆண்டின் எண்முறைத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வகுத்துள்ளது. எனவே குழுவாக எடுத்த படம் மட்டும், பெயரின்றி, பெற்றோர் கையெழுத்திட்ட பின் வெளியிடப்படுகிறது. இதில் சிலருக்கு என்மீது வருத்தம் உண்டு.

2025 செப்டம்பர் 7ஆம் நாள் திருத்தந்தை பதினான்காம் லியோ புனிதராக உயர்த்திய கார்லோ அக்குதிஸைப் பற்றி நம் பிள்ளைகள் நன்கு அறிவர். நற்கருணைப் புதுமைகளைத் தொகுத்து இணையதளம் அமைத்த அவ்விளைஞர், 2006 அக்டோபர் 12இல் தம் பதினைந்தாம் வயதில் இறைவனடி சேர்ந்தார். அவர் தொகுத்தவை இன்றும் பல மொழிகளில் மக்களைச் சென்றடைகின்றன என்றால், அவருக்குப் பின் அதைக் கையிலெடுத்துப் பேணியவர்கள் இருக்கிறார்கள் என்பது பொருள். கார்லோவின் படத்தை வீட்டில் மாட்டும்போது அவர்களையும் நான் நினைத்துக்கொள்வதுண்டு.

இனி ஒப்படைப்பு பற்றி. ஒரு பங்குத்தந்தை மாறிச் செல்லும்போது சாவிகளையும் கணக்கேடுகளையும் திருமுழுக்கு, திருமண, இறப்புப் பதிவேடுகளையும் அடுத்தவரிடம் ஒப்படைத்துச் செல்கிறார். இப்பதிவேடுகளை ஒவ்வொரு பங்கும் பேண வேண்டுமெனத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 535ஆம் பிரிவு பணிக்கிறது. அந்த ஒழுங்கினால்தான், எத்தனையோ குருக்கள் வந்து போன பின்னும், பாட்டியாரின் திருமுழுக்கு நாளை ஒரு பேத்தி தேடிக் கண்டுபிடிக்க முடிகிறது. முன்பு நான் பங்கு மாறியபோது ஆலயத்தின் அத்தனை சாவிகளையும் எண்ணிக் கொடுத்தேன். இணையதளத்தின் கடவுச்சொல் என்ற ஒரு சாவி இருப்பதையே அறியாதிருந்தேன்.

இம்முறை முகவரி பங்கின் பெயரில், பங்கு அலுவலக மின்னஞ்சலில் பதிவாகியுள்ளது. கட்டணம் பங்கின் கணக்கிலிருந்து செல்கிறது. எந்த நிறுவனத்திடம் இடம் பெற்றோம், எந்தப் பக்கத்தை எவ்வாறு மாற்றுவது, கெட்டுப்போனால் முதலில் எதைப் பார்ப்பது என்பனவற்றை ஒரு நீளக் குறிப்பேட்டில் மாணவர்கள் தமிழில் எழுதியிருக்கிறார்கள். எழுதியது விளங்குகிறதா என்று அறிய, ஆசிரியையைத் தனியே அமர்த்தி, அதை மட்டும் பார்த்துத் திருப்பலி நேரத்தை மாற்றச் சொன்னோம். இரண்டு இடங்களில் திகைத்தார். அவ்விரண்டு பக்கங்களும் திருத்தி எழுதப்பட்டன. கடவுச்சொற்கள் முத்திரையிட்ட உறையில் இரும்புப் பெட்டிக்குள் இருக்கின்றன.

பொதுக்காலத்து ஞாயிறு ஒன்றில், திரையும் விருந்தினரும் இன்றி, அறிவிப்புகளோடு ஓர் அறிவிப்பாகத் தளம் தொடங்கப்பட்டது. ஒன்பது பேரில் மூவர் படிப்பு முடிந்து இப்போது வெளியூரில் இருக்கின்றனர். புறப்படுமுன் அவர்கள் குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில் நாளிட்டுக் கையெழுத்திட்டனர். ஏற்றுக்கொண்டவர்களாக ஆசிரியையும் வணிகவியல் மாணவரும் கீழே கையெழுத்திட்டனர். குறிப்பேடு திருமுழுக்குப் பதிவேட்டுக்கு அருகில் உள்ளது. அடுத்த தவணை நாள் முதல் பக்கத்தில் சிவப்பு மையில் எழுதியிருக்கிறது. "அதுக்கு முந்தின மாசமே கட்டிடணும் சாமி, மறந்துடாதீங்க" என்று ஆசிரியை இதுவரை இரண்டு முறை எனக்கு நினைவூட்டிவிட்டார்.