சாந்தினி சௌக்: தாத்தா கடை பேரனுக்கு வந்தது எப்படி? வாடகைச் சட்டம் சொல்லும் கதை

பழைய டெல்லியின் சாந்தினி சௌக்கை 1650 வாக்கில் உருவாக்கியவர் ஷாஜகானின் மகள் ஜஹானாரா. நடுவில் கால்வாய், இருபக்கமும் கடைகள். கால்வாய் போய்விட்டது, கடைகள் இருக்கின்றன. தரீபா கலானில் வெள்ளி நகை, கினாரி பஜாரில் ஜரிகை, நை சடக்கில் பாடப்புத்தகம், காரி பாவ்லியில் மசாலா.

பல கடைகள் தாத்தா காலத்திலிருந்து அதே இடத்தில் நடக்கின்றன. ருசி, நம்பிக்கை, குடும்பத் தொழில் என்று காரணம் சொல்வார்கள். அதெல்லாம் சரிதான். ஆனா வாடகையைப் பேசாமல் இந்தக் கதை முழுசாகாது.

1947 பிரிவினையில் மேற்கு பஞ்சாபிலிருந்து லட்சக்கணக்கான அகதிகள் டெல்லிக்கு வந்தார்கள். இடத்துக்குக் கடும் தட்டுப்பாடு. இஷ்டத்துக்கு வாடகை ஏற்றுவதையும் காலி செய்யச் சொல்வதையும் தடுக்கத்தான் 1958-ல் டெல்லி வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. கடையின் வாடகை உரிமை வாரிசுகளுக்கும் போகும் என்று 1985-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது.

வாடகை எவ்வளவு ஏறும்?

1988 திருத்தப்படி, மூன்று ஆண்டுக்கு ஒருமுறை 10 சதவீதம்தான். கணக்குப் போட்டுப் பார்ப்போம்: அன்று 100 ரூபாய் வாடகை என்றால், ஒரு தடவைகூட விடாமல் ஏற்றினாலும் 36 ஆண்டு கழித்து சுமார் 314 ரூபாய். மாத வாடகை 3,500 ரூபாயைத் தாண்டிய இடங்களுக்கு இந்தச் சட்டமே கிடையாது. அதனால்தான் ஒரே சுவரைப் பகிரும் இரண்டு கடைகளில் ஒன்று சில நூறும், இன்னொன்று சந்தை விலையும் கொடுக்க முடிகிறது.

இந்த இடைவெளியில் வளர்ந்ததுதான் 'பக்டி'. இந்தியில் தலைப்பாகை என்று பொருள். நம்ம ஊர்ப் பகடி இல்லை. கடைக்குள் வரும்போதே மொத்தமாக ஒரு பெரிய தொகை, அப்புறம் பெயருக்கு வாடகை. சட்டத்தின் 5-வது பிரிவு இதைத் தடை செய்கிறது. ஆனாலும் நடக்கிறது, ரசீது இல்லாமல்.

கட்டடம்தான் பாவம். உரிமையாளர் பழுது பார்க்காவிட்டால் கடைக்காரரே செய்து வாடகையில் கழிக்கலாம். ஆனால் ஆண்டுக்கு ஒரு மாத வாடகைக்கு மேல் கழிக்க முடியாது. அதாவது அதே 314 ரூபாய். அதில் என்ன கூரை போடுவது?

வாடகையைச் சந்தை விலைக்குக் கொண்டுவரப் போன 1995 சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியும் அமலுக்கு வரவில்லை. வியாபாரிகளின் எதிர்ப்பு அவ்வளவு. மாற்றம் நீதிமன்றம் வழியாகத்தான் வந்தது. 'எனக்கே இடம் தேவை' என்று உரிமையாளர் காலி செய்யச் சொல்வது முன்பு வீடுகளுக்கு மட்டும்தான். 2008-ல் உச்ச நீதிமன்றம் அதைக் கடைகளுக்கும் விரித்தது.

இந்த வழக்கில் கடைக்காரருக்குக் கிடைப்பது சம்மன் கைக்கு வந்த நாளிலிருந்து 15 நாள். அதற்குள் எதிர்வாதம் செய்ய அனுமதி கேட்காவிட்டால், உரிமையாளர் சொன்னதை ஒப்புக்கொண்டதாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும். உத்தரவு வந்தபின் காலி செய்ய ஆறு மாதம்.