வலிக்காத பல்லுக்கு மருத்துவர் எதற்கு?

எங்கள் ராயபுரத்தில் சனிக்கிழமை மாலைக்குத் தனிக்களை உண்டு. பனியன் கம்பெனிகளில் வாரச் சம்பளம் கொடுக்கும் நாள் அது. அப்படியொரு சனிக்கிழமை இரவில், எதிர்வீட்டுப் பெண் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அழுத சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தேன். பத்தாம் வகுப்பு மாணவி. அவளுடைய கீழ்க் கடைவாய்ப் பல்லில் ஒரு கறுப்புப் புள்ளி இருப்பது ஆறு மாதமாகவே வீட்டில் எல்லோருக்கும் தெரியும். "வலியே இல்லீங்களே சார், அதனாலதான் அப்படியே விட்டுட்டோம்" என்றார் தாயார். கிராம்பை வைத்து அந்த இரவையும் ஞாயிற்றுக்கிழமையையும் கழித்தார்கள். திங்கட்கிழமை காலை பல் மருத்துவரிடம் போனபோது நானும் உடன் சென்றேன்.

வலி இல்லையென்றால் நோயும் இல்லை என்று எண்ணுவது நமக்கெல்லாம் பழக்கம். பல்லைப் பொறுத்தவரை இது பொருந்தவே பொருந்தாது. ஏன் என்று பார்ப்போம்.

பல்லின் மேலுறையான எனாமல்தான் நம் உடலிலேயே மிகக் கடினமான பொருள். அதன் எடையில் சுமார் 96 விழுக்காடு தாதுப்பொருள். ஹைட்ராக்ஸி அபடைட் என்னும் கால்சியம் பாஸ்பேட் படிகம். கடிக்கும் முகடுகளில் அதன் தடிமன் ஏறக்குறைய 2.5 மில்லிமீட்டர். அதில் நரம்பு கிடையாது, உயிரணுவும் கிடையாது. ஆகவே அதைக் குடைந்தாலும் அது நமக்குச் செய்தி அனுப்பாது. இழந்ததைத் திரும்ப வளர்த்துக்கொள்ளவும் அதனால் இயலாது. அதன் அடியில் டென்டைன். அதற்கும் உள்ளே நரம்பும் இரத்தக் குழாய்களும் நிறைந்த பற்கூழ்.

குடைபவை யார்? வாயில் வாழும் பாக்டீரியாக்கள். நாம் தின்னும் சர்க்கரையை அவை தின்று அமிலத்தை வெளிவிடுகின்றன. பல்லின் மேற்பரப்பில் பி.எச். மதிப்பு சுமார் 5.5க்குக் கீழே இறங்கினால் எனாமல் கரையத் தொடங்கும். இனிப்பு உண்ட சில நிமிடங்களிலேயே இம்மதிப்பு சரிந்துவிடுகிறது. உமிழ்நீர் அதைப் பழைய நிலைக்குக் கொண்டுவர அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை ஆகலாம். கரைந்த தாதுவில் ஒரு பகுதியை உமிழ்நீரே மீண்டும் படியவைக்கிறது. எனவே, எவ்வளவு இனிப்பு என்பதைக் காட்டிலும் எத்தனை முறை என்பதே பெரிய கேள்வி. காலையில் டீ, பதினொரு மணிக்கு டீயும் பன்னும், மாலையில் மறுபடி டீ, இரவு ஓவர்டைமில் இன்னொரு டீ என்று வாழும் ஊர் எங்களுடையது. உமிழ்நீர் பாவம், எப்போதுதான் வேலையை முடிக்கும்?

கரைப்பு டென்டைனுக்குள் புகுந்ததும் குளிர்ந்த நீர் பட்டால் கூசும். பற்கூழை எட்டினால்தான் அந்தச் சனிக்கிழமை வலி. மற்ற இடங்களில் வீக்கம் வந்தால் தசை இடம் கொடுக்கும். பற்கூழோ கடினமான சுவர்களுக்குள் அடைபட்டது. விரிய வழியில்லாமல் அழுத்தம் ஏறி நரம்பை நெருக்குகிறது. வலி வருவதற்குள் பாதிக்கு மேல் கதை முடிந்துவிட்டது என்று பொருள்.

மருத்துவர் முதலில் வேறு நோய்கள், ஒத்துக்கொள்ளாத மருந்துகள் பற்றி விசாரித்தார். இதை மறைக்கக் கூடாது. பிறகு காம்புள்ள சிறு கண்ணாடியை எடுத்தார். இயற்பியல் ஆசிரியனுக்கு அது ஒரு விருந்து. நம் வீட்டுக் கண்ணாடியில் பூச்சு பின்புறம் இருப்பதால், முன்பரப்பிலும் மங்கலாக ஒரு பிம்பம் விழும். பல் மருத்துவத்துக்கெனச் செய்யப்படும் நல்ல கண்ணாடிகளில் பூச்சு முன்புறமே இருக்கும். ஒரே பிம்பம், குழப்பமில்லை.

இரு பற்களின் இடுக்கைக் கண்ணாடியாலும் காண முடியாது. அதற்கு எக்ஸ் கதிர். 1895 நவம்பரில் ராண்ட்ஜன் இக்கதிரைக் கண்டறிந்தார். 1896 ஜனவரியிலேயே ஜெர்மனியில் ஓட்டோ வால்க்ஹாஃப் தம் பற்களைப் படமெடுத்துவிட்டார். 25 நிமிடம் அசையாமல் இருந்தாராம்! இன்று ஒரு வினாடியில் சிறு பகுதி போதும். கதிர் என்றதும் அந்தப் பெண்ணின் தாயார் சற்றுக் கலங்கினார். ஒரு சிறிய பற்படத்தின் கதிரளவு, இயற்கையிலிருந்து நாம் ஏறக்குறைய ஒரு நாளில் பெறுவதுதான் என்று கணக்குப் போட்டுக் காட்டினேன்.

படத்தில் சொத்தை பற்கூழைத் தொட்டிருந்தது. அதுவும் ஆறு வயதில் முளைக்கும் பெரிய கடைவாய்ப் பல். பால்பல் எதுவும் விழாமலே பின்னால் முளைப்பதால், 'விழப்போகும் பல்தானே' என்று பலரும் ஏமாறுவது இதில்தான். விழுந்தால் வேறு பல் கிடையாது.

அடுத்து மரப்பு ஊசி. ஊசி குத்தும்போது சிறிது வலிக்கும் என்பதை மறைப்பானேன்? நரம்புச் செய்தி என்பது சோடியம் அயனிகள் உள்ளே பாய்வதால் ஓடும் மின்னலை. 1943இல் ஸ்வீடனில் நீல்ஸ் லோஃப்கிரென் தயாரித்த லிடோகெயின் அந்த வாயிலை அடைத்துவிடுகிறது. தொடுவதும் அழுத்துவதும் தெரியும், வலி தெரியாது. மரப்பு நீங்கச் சில மணி நேரம் ஆகும். அதுவரை உதட்டைக் கடித்துக்கொள்ளாமல் இருக்கவேண்டும்.

எல்லோரும் அஞ்சுவது அந்த 'ங்கொய்' சத்தத்துக்கு. ஏரோட்டர் என்னும் இக்கருவி காற்றால் சுழலும் சிறு டர்பைன். அமெரிக்காவில் ஜான் போர்டன் 1957இல் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். எங்கள் ஊர்த் தையல் இயந்திரங்கள் நிமிடத்துக்குச் சுமார் 5,000 தையல் போடும். இது நிமிடத்துக்கு 3 முதல் 4 லட்சம் சுற்று! உராய்வில் எழும் வெப்பம் கூழைக் கெடுக்காதிருக்கவே தண்ணீரைப் பீய்ச்சுகிறார்கள். பல்லைத் துளைப்பது புதிய கலையும் அன்று. பலுசிஸ்தானிலுள்ள மெஹர்கர் இடுகாட்டில், 7,500 முதல் 9,000 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஒன்பது பேரின் பதினொரு கடைவாய்ப் பற்களில், துளையிட்ட தடங்களை ஆய்வாளர்கள் கண்டு 2006இல் வெளியிட்டனர். கல்முனைத் துளைப்பான், மரப்பு ஊசி கிடையாது. நம் நாற்காலி எவ்வளவோ மேல்.

அவளுக்கு நடந்தது வேர்ச் சிகிச்சை. கெட்ட பற்கூழை நீக்கி, வேர்க்குழாய்களை மெல்லிய அரங்களால் சுத்தம் செய்து, கட்டா பெர்ச்சா என்னும் மரப்பாலால் அடைத்தார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கடலடித் தந்திக் கம்பிகளுக்கு மின்காப்பாக இருந்த அதே பொருள்! மூன்று முறை சென்றுவர வேண்டியிருந்தது. மேலே ஒரு தொப்பியும் போட்டார்கள். அந்த வீட்டு வருமானத்துக்கு அது சிறிய செலவன்று.

ஆறு மாதம் முன்பே வந்திருந்தால் ஒரே அமர்வில் முடிந்திருக்கும். சொத்தையைச் சுரண்டி, பல் நிறப் பிசினை வைத்து, நீல ஒளியைச் சில வினாடிகள் காட்டுவார்கள். சுமார் 470 நானோமீட்டர் அலைநீளமுள்ள அவ்வொளியை ஏற்றுப் பிசின் இறுகிவிடும். அந்த விளக்கின் முன் இருக்கும் ஆரஞ்சுத் தட்டு, நீலத்தை உறிஞ்சிக் கண்ணைக் காக்கிறது.

சோதனைக்குப் போனால் பெரும்பாலும் சுத்தம் செய்வதோடு முடிந்துவிடும். பல்லில் இறுகிய காரையை, வினாடிக்கு 25,000 தடவைக்கு மேல் அதிரும் மீயொலி முனை உதிர்க்கிறது. அதன் பிறகு பல் ஆடும் என்பது வீண் பயம். காரை மறைத்திருந்த இடைவெளிதான் வெளியே தெரிகிறது. எத்தனை மாதத்துக்கு ஒருமுறை என்பதை அவரவர் பல்லைப் பார்த்து மருத்துவரே சொல்வார். மாணவர்கள் ஓராண்டைத் தாண்ட விடவேண்டாம். அரசு மருத்துவமனைகளிலும் பல் பிரிவு உண்டு.

கடைசி முறை போனபோது அவளுடைய தந்தையும் வந்தார். மருத்துவர் அவர் வாயைப் பார்த்துவிட்டு, "தருமபுரிப் பக்கங்களா? தையல் வேலைங்களா?" என்றார். தந்தை திகைத்துப்போனார். பற்களில் பழுப்புத் திட்டுகள்: குழந்தைப் பருவத்தில் பல் உருவாகும்போது, ஃப்ளூரைடு மிகுந்த கிணற்று நீரைக் குடித்ததன் அடையாளம். அம்மாவட்டத்துக்கு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் வந்தது இதற்காகவே. முன்பல் நுனியில் ஒரு சிறு பள்ளம்: இருபது வருடமாக நூலைப் பல்லால் கடித்து அறுத்ததால் வந்தது.

"கத்தரி குடுத்திருக்காங்க டாக்டர். அதை எடுக்கறதுக்குள்ள பல்லு முந்திக்குதுங்க" என்றார் அவர், சிரித்துக்கொண்டே நாற்காலியில் சாய்ந்தபடி.